குடியிருப்புத் தெருவில் திறந்தவெளி மதுக்கூடம்: நம் உரிமையும் நம் கடமையும்



கல்வி உதவி, மருத்துவ உதவி மனுக்களோடு நம் அறக்கட்டளை அலுவலகத்துக்கு வரும் குடும்பங்கள் சில மாதங்களாக இன்னொரு முறையீட்டையும் கொண்டு வருகின்றன. வீடுகளுக்கு நடுவே 'மனமகிழ் மன்றம்' என்று பலகை மாட்டியிருக்கிறார்கள். மொட்டை மாடியிலும் பின்பக்கக் காலி மனையிலும் மேசை நாற்காலி போட்டு மது பரிமாறுகிறார்கள். இரவில் பிள்ளைகள் படிக்க முடியவில்லை, பெரியவர்கள் தூங்க முடியவில்லை. யாரிடம் சொல்வது, எப்படிச் சொல்வது என்று கேட்கிறார்கள். பக்கத்துத் தெருவில் இப்படி ஒன்று வரப்போகிறது என்று கேள்விப்பட்டு முன்கூட்டியே வந்து விசாரிப்பவர்களும் உண்டு. ஆகவே இம்மாதப் பாடமாக இதை எடுத்துக்கொண்டோம்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்வோம். மது கூடாது என்பது நமக்கு விவாதத்துக்குரிய விஷயம் அல்ல. அதைச் சொல்ல இந்தக் கட்டுரை தேவையில்லை. ஆனால் நம் மாநிலத்தில் மதுவைச் சில்லறையாக விற்பதே அரசு நிறுவனம்தான். 2003 நவம்பர் 29 முதல் டாஸ்மாக் அந்த வேலையைச் செய்து வருகிறது. அப்படிப்பட்ட அரசின் மேசையில் 'எங்கள் மார்க்கத்தில் இது விலக்கப்பட்டது' என்று மட்டும் எழுதிய மனுவை வைத்தால், படித்துவிட்டு ஓரமாக வைத்துவிடுவார்கள். அதிகாரி பதில் சொல்லியே தீர வேண்டிய கேள்வி வேறு. இந்த இடத்தில் இப்படி நடத்துவதால் சுற்றி வாழ்பவர்களுக்கு இடையூறு உண்டா, சட்டம் வகுத்த அளவு மீறப்படுகிறதா என்பதே அந்தக் கேள்வி.

இந்தக் கேள்விக்கு இன்னொரு சிறப்பும் உண்டு. இது நமக்கு மட்டும் உரியதல்ல. எதிர்வீட்டு ஆசிரியருக்கும், மூலைவீட்டு ஓய்வுபெற்ற ரயில்வே ஊழியருக்கும், தேவாலயத்துக்குப் பக்கத்தில் குடியிருக்கும் செவிலியருக்கும் உரியது. எப்போதாவது குடிப்பவர்கூட இரவில் தன் வீட்டில் நிம்மதியாகத் தூங்கத்தான் விரும்புவார்.

வாசலுக்கு வந்த கதை

மதுக்கடைகள் வீட்டு வாசலுக்கு வந்ததில் ஒரு பகுதி, நல்ல தீர்ப்பு ஒன்றின் பக்கவிளைவு. நெடுஞ்சாலை விபத்துகளைக் குறைப்பதற்காக, தேசிய, மாநில நெடுஞ்சாலைகளிலிருந்து 500 மீட்டருக்குள் மதுக்கடை கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2016 டிசம்பர் 15 அன்று தீர்ப்பளித்தது. 2017 மார்ச் 31 அன்று, மக்கள்தொகை 20,000 அல்லது அதற்குக் குறைவாக உள்ள ஊர்களில் அந்தத் தூரத்தை 220 மீட்டராக மாற்றியது. தமிழ்நாட்டில் ஆயிரக்கணக்கான கடைகள் நெடுஞ்சாலையோரத்திலிருந்து மூடப்பட்டன. மூடப்பட்ட கடைகளுக்கு மாற்று இடம் தேடியபோது அது ஊருக்குள்ளும் தெருவுக்குள்ளும் போய் நின்றது. 2017 ஏப்ரலில் திருப்பூர் மாவட்டம் சாமளாபுரத்தில் பெண்கள் சாலையில் அமர்ந்தது உங்களில் பலருக்கு நினைவிருக்கும். அதுபோன்ற போராட்டங்கள் அந்தக் கோடையில் பல மாவட்டங்களில் நடந்தன.

பின்னர் 2023 ஜூன் 22 அன்று 500 டாஸ்மாக் கடைகள் மூடப்பட்டன. ஆனால் மது பரிமாறும் இடங்கள் கடைகளோடு முடிவதில்லை. மன்றங்களும் ஓட்டல்களும் வேறு உரிமத்தில் நடக்கின்றன. அதே ஆண்டு ஏப்ரலில், திருமண மண்டபம், விளையாட்டு அரங்கு போன்ற இடங்களில் நிகழ்ச்சிகளின்போது மது பரிமாறச் சிறப்பு உரிமம் தரும் விதித்திருத்தம் வெளிவந்ததும் பலத்த எதிர்ப்பு எழுந்தது. திருமண மண்டபங்கள் அதிலிருந்து விலக்கப்பட்டன. காரணத்தோடும் உரிய நேரத்திலும் எழும் எதிர்ப்புக்கு அரசு செவிசாய்ப்பதும் உண்டு என்பதற்கு இது ஓர் எடுத்துக்காட்டு.

எந்த உரிமம் என்று முதலில் கேளுங்கள்

பலர் எல்லாவற்றையும் 'கடை' என்ற ஒரே சொல்லால் சொல்லி மனு எழுதிவிடுகிறார்கள். இதனால் மனு தவறான மேசைக்குப் போய்க் காலம் வீணாகிறது. வகைகளைத் தெரிந்துகொள்வோம்.

டாஸ்மாக் கடையும் அதனுடன் சேர்ந்த மதுக்கூடமும் 2003ஆம் ஆண்டின் சில்லறை விற்பனை விதிகளுக்கு உட்பட்டவை. வழிபாட்டுத் தலம், கல்வி நிறுவனம் ஆகியவற்றிலிருந்து மாநகராட்சி, நகராட்சிப் பகுதிகளில் 50 மீட்டருக்குள்ளும், மற்ற பகுதிகளில் 100 மீட்டருக்குள்ளும் கடை அமையக் கூடாது என்பது அந்த விதி. வணிகப் பகுதி என்று வகைப்படுத்தப்பட்ட இடங்களுக்கு இதில் விலக்கு உண்டு. பள்ளிவாசலோ பள்ளிக்கூடமோ கடைக்குப் பிறகு வந்திருந்தால் இந்த விதி உதவாது. கடை நண்பகல் 12 மணிக்குத் திறந்து இரவு 10 மணிக்கு மூட வேண்டும்.

மன்றங்களும் நட்சத்திர ஓட்டல்களும் 1981ஆம் ஆண்டின் மதுபான உரிம விதிகளின்கீழ் வருகின்றன. மன்றங்களுக்குத் தரப்படுவது எஃப்.எல்.2, ஓட்டல்களுக்குத் தரப்படுவது எஃப்.எல்.3. எஃப்.எல்.2 என்பது மன்றம் தன் உறுப்பினர்களுக்குப் பரிமாறுவதற்கான உரிமம். தெருவில் போகிற யாரும் நுழைந்து பணம் கொடுத்துக் குடித்துவிட்டு வரலாம் என்றால் அது மன்றமாக நடக்கவில்லை, மதுக்கடையாக நடக்கிறது என்று பொருள். இதை மனுவில் தனிப் புள்ளியாக எழுத வேண்டும்.

எல்லா உரிமத்துக்கும் பொதுவான ஒன்று உண்டு. உரிமம் காற்றுக்குத் தரப்படுவதில்லை, குறிப்பிட்ட ஓர் இடத்துக்குத் தரப்படுகிறது. ஆகவே 'எந்த இடத்துக்கு அனுமதி? மொட்டை மாடி அதில் உண்டா? பின்பக்க மனை உண்டா?' என்று கேட்கும் உரிமை நமக்கு இருக்கிறது. நான்கு சுவருக்குள் நடத்த அனுமதி வாங்கிவிட்டு வெளியே நாற்காலி போட்டிருந்தால், சத்தத்தை அளப்பதற்கு முன்பே பேச வேண்டிய விஷயம் அதுதான்.

சத்தத்தின் கணக்கு

'சத்தம் அதிகம்' என்று எழுதினால் அது கருத்து. 'இத்தனை மணிக்கு இவ்வளவு, சட்ட அளவு இவ்வளவு' என்று எழுதினால் அது ஆதாரம். எனவே கொஞ்சம் கணக்குப் படிப்போம். பத்தாம் வகுப்புப் பிள்ளைகளைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு படியுங்கள்.

ஒலியின் அளவை டெசிபல் என்ற அலகில் சொல்கிறோம். 10 டெசிபல் கூடினால் ஒலியின் ஆற்றல் பத்து மடங்காகிறது, காதுக்கு ஏறக்குறைய இரண்டு மடங்காகக் கேட்கிறது. ஆகவே 45க்கும் 55க்கும் இடையே உள்ள வித்தியாசம் சிறிதல்ல.

ஒருவர் சாதாரணமாகப் பேசும்போது ஒரு மீட்டர் தள்ளி நிற்பவருக்குக் கேட்பது சுமார் 60 டெசிபல். குரலை உயர்த்திப் பேசினால் சுமார் 70 என்று வைத்துக்கொள்வோம். அப்படிப் பத்துப் பேர் ஒரே நேரத்தில் பேசினால் பத்து மடங்கு ஆற்றல், அதாவது 80. திறந்தவெளியில் தூரம் இரட்டிப்பாகும்போதெல்லாம் சுமார் 6 டெசிபல் குறையும். 2 மீட்டரில் 74, 4 மீட்டரில் 68, 8 மீட்டரில் 62, 16 மீட்டரில் 56, 32 மீட்டரில் 50. அதாவது ஒலிபெருக்கி, மோட்டார் சைக்கிள், நாற்காலி இழுக்கும் ஓசை எதையும் சேர்க்காமல், பத்துப் பேரின் பேச்சு மட்டுமே நூறடி தள்ளியிருக்கும் வீட்டுச் சன்னலில் 50 டெசிபல் அளவில் வந்து விழும். இது தோராயக் கணக்குதான். குறுகலான தெருவில் எதிர்ச்சுவர்களில் பட்டுத் திரும்பும் ஒலி இதை இன்னும் கூட்டும்.

உலக சுகாதார நிறுவனம் 1999இல் வெளியிட்ட வழிகாட்டுதல்படி, நல்ல உறக்கத்துக்குப் படுக்கையறைக்குள் தொடர் ஒலி 30 டெசிபலைத் தாண்டக் கூடாது. 2009இல் ஐரோப்பாவுக்காக வெளியிட்ட வழிகாட்டுதலில், வீட்டுக்கு வெளியே இரவு ஒலி 40க்குள் இருக்க வேண்டும் என்றது. கதவு சன்னலை அடைத்துக் குளிர்சாதனம் போட்டுத் தூங்கும் வீட்டுக்கு வெளிச்சத்தம் வெகுவாகக் குறைந்துதான் வரும். நம் வீடுகளில் பெரும்பாலோர் சன்னலைத் திறந்து வைத்துத்தான் தூங்குகிறோம். திறந்த சன்னல் 10 முதல் 15 டெசிபலைத்தான் குறைக்கும். வெளியே 50 என்றால் உள்ளே 35 முதல் 40. சித்திரை வெயிலில் சன்னலை மூடு என்று யாரிடம் சொல்வது?

திறந்தவெளி என்பதுதான் இதில் முக்கியம். கூரையும் சுவரும் உள்ள கூடத்தில் ஒலியின் பெரும்பகுதி உள்ளேயே அடங்கும். மொட்டை மாடியில் தடுக்க ஒன்றுமில்லை. சுற்றியுள்ள மாடிவீடுகளின் சன்னல்களுக்கு நேராக அது போய்ச் சேர்கிறது. தவிர, பக்கத்து மேசைச் சத்தத்தை மீறித் தன் குரல் கேட்க வேண்டும் என்று ஒவ்வொருவரும் குரலை உயர்த்துவார்கள். கல்யாணப் பந்தியில் நாம் பார்ப்பதுதான். அங்கே போதையும் சேர்ந்துகொள்கிறது.

இரண்டு எச்சரிக்கைகள். சட்டம் சொல்லும் அளவு, ஒரு கால அளவுக்கான சராசரி. நள்ளிரவில் ஒரு கூச்சல், சைலன்சர் கழற்றிய ஒரு வண்டி, ஒரு பாட்டில் உடையும் ஓசை ஆகியவை குழந்தையை எழுப்பிவிடும், சராசரியிலோ கரைந்துவிடும். அடுத்து, பாட்டின் 'தும் தும்' என்ற தாழ்ந்த ஒலியைக் கருவி குறைத்தே காட்டும், ஏனெனில் அது மனிதக் காதின் உணர்திறனுக்கு ஏற்ப அமைந்த அளவுகோல். ஆகவே எண்ணை மட்டும் நம்பாமல் 'சன்னல் கண்ணாடி அதிர்கிறது', '11.20க்குச் சண்டை, குழந்தை விழித்தது' என்று வார்த்தைகளிலும் எழுத வேண்டும்.

சட்டம் வகுத்த எல்லை

2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் நாடு முழுமைக்கும் பொருந்தும். காலை 6 முதல் இரவு 10 வரை பகல். இரவு 10 முதல் காலை 6 வரை இரவு. குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55, இரவில் 45 டெசிபல். வணிகப் பகுதிக்கு 65, 55. மருத்துவமனை, கல்வி நிறுவனம், நீதிமன்றம் ஆகியவற்றைச் சுற்றி 100 மீட்டருக்குக் குறையாமல் அமைதி மண்டலமாக அறிவிக்கப்படும் இடங்களில் 50, 40.

ஒலிபெருக்கிக்குத் தனிக் கட்டுப்பாடு உண்டு. எழுத்து மூல அனுமதியின்றி வைக்கக் கூடாது. இரவு 10க்கு மேல் மூடிய அரங்குக்குள் தவிர வேறெங்கும் கூடாது. திறந்த மாடி மூடிய அரங்கு ஆகாது. தனியார் இடத்தில் வைக்கும் ஒலிக்கருவி, அந்த இடத்தின் எல்லையில் அப்பகுதிக்குரிய அளவைவிட 5 டெசிபலுக்கு மேல் கூடக் கூடாது. பண்பாட்டு, சமய விழாக்களுக்காக ஆண்டுக்கு 15 நாட்களுக்கு மிகாமல் நள்ளிரவு 12 வரை மாநில அரசு தளர்வு தரலாம். மதுக்கூடத்தின் அன்றாட வியாபாரத்துக்கு அந்தத் தளர்வு இல்லை.

அளவைவிட 10 டெசிபலோ அதற்கு மேலோ கூடினால், அல்லது இரவுக் கட்டுப்பாடு மீறப்பட்டால், யார் வேண்டுமானாலும் முறையிடலாம். 2005 ஜூலை 18 அன்று உச்ச நீதிமன்றம் அளித்த ஒலி மாசுத் தீர்ப்பு, சத்தமில்லாமல் அமைதியாக வாழ்வது அரசியலமைப்பின் 21ஆம் பிரிவு தரும் வாழ்வுரிமையில் அடங்கும் என்றது. பொதுத் தொல்லையை நீக்க உத்தரவிடும் அதிகாரம் நிர்வாக நடுவருக்கு உண்டு. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 152ஆம் பிரிவு அதைச் சொல்கிறது. பழைய சட்டத்தில் இது 133ஆம் பிரிவாக இருந்தது. கோட்டாட்சியரிடம் இதன்கீழ் மனுக் கொடுக்கலாம்.

எதிர்த்தரப்பு சொல்வதையும் கேட்போம்

நியாயம் பேச விரும்புபவர் எதிர்த்தரப்பின் வாதத்தை முழுமையாகக் கேட்க வேண்டும். அவர்கள் சொல்வது மூன்று. உரிமத்துக்கு முறைப்படி பணம் கட்டியிருக்கிறோம் என்பது முதலாவது. இங்கே வேலை செய்பவர்களுக்கும் குடும்பம் உண்டு என்பது இரண்டாவது. ஓர் இடம் இல்லாவிட்டால் குடிப்பவர்கள் நடைபாதையிலும் குளக்கரையிலும் உட்காருவார்கள், அது இன்னும் மோசம் என்பது மூன்றாவது.

மூன்றாவது வாதத்தில் உண்மை உண்டு. காலி மனையில் உடைந்த பாட்டில்கள் கிடக்கும் தெருக்களை நாம் பார்க்கிறோம். ஆனால் அந்த வாதம் கேட்பது ஒரு மூடிய இடத்தை. வீடுகளுக்கு நடுவே திறந்த மாடியை அது நியாயப்படுத்தாது. முதல் வாதத்துக்கும் பதில் உண்டு. உரிமம் என்பது நிபந்தனைகளோடு தரப்படுவது. கட்டிய பணம் மது பரிமாறுவதற்கானது, பக்கத்து வீட்டாரின் உறக்கத்தை வாங்குவதற்கானது அல்ல. இரண்டாவது வாதத்தை நாம் மறுக்க வேண்டியதில்லை. அங்கே மேசை துடைக்கும் பெண்ணும், பாத்திரம் கழுவும் வெளியூர்ப் பையனும் நமக்கு எதிரிகள் அல்லர்.

எனவே மனுவில் 'மூடுங்கள்' என்பதோடு மாற்று நிபந்தனைகளையும் எழுதுவது அறிவுடைமை. திறந்த இடத்தில் பரிமாறக் கூடாது. ஒலிபெருக்கி கூடாது. வாசல் வீடுகள் உள்ள பக்கம் இருக்கக் கூடாது. வண்டி நிறுத்தத் தனி இடம் வேண்டும், தெருவில் நிறுத்தக் கூடாது. காலிப் பாட்டில்களை இரவில் கொட்டக் கூடாது. மூடும் நேரத்தில் வாடிக்கையாளர் தெருவில் கூடி நிற்காமல் அனுப்ப ஆள் வேண்டும். இப்படிக் கேட்கும்போது, முழுவதையும் மறுக்கத் தயங்கும் அதிகாரிகூட இவற்றில் நான்கையாவது விதிக்க முடியும். அந்த நான்கு நிபந்தனைகளே பல குடும்பங்களுக்கு உறக்கத்தைத் திருப்பித் தரும்.

நம் கையில் ஒரே தராசு

இந்தப் பாடத்தில் நாங்கள் அழுத்திச் சொல்ல விரும்புவது இப்பகுதியைத்தான்.

அண்டை வீட்டார் நம் தொல்லையிலிருந்து பாதுகாப்பாக உணராதவரை ஈமான் முழுமை பெறாது என்று நபி (ஸல்) அவர்கள் நமக்குக் கற்றுத் தந்திருக்கிறார்கள். அந்த அண்டை வீட்டார் முஸ்லிமாக இருக்க வேண்டும் என்ற நிபந்தனை அதில் இல்லை. பள்ளிவாசலுக்குள் சிலர் குர்ஆனைச் சத்தமாக ஓதியபோது, ஒருவருக்கொருவர் இடைஞ்சல் தரும்படி குரலை உயர்த்த வேண்டாம் என்று அவர்கள் தடுத்த செய்தி ஹதீஸில் இருக்கிறது. ஓதுவது வணக்கம். அந்த வணக்கத்திலும் பக்கத்திலிருப்பவரின் அமைதி கணக்கில் எடுக்கப்பட்டது.

2000 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த வழக்கு ஒன்று சென்னை மாதவரம் நெடுஞ்சாலைப் பகுதியிலிருந்து போனது. ஒரு தேவாலயத்தின் ஒலிபெருக்கிக்கு எதிராக அருகிலிருந்த குடியிருப்போர் சங்கம் தொடுத்த வழக்கு அது. பிறரின் அமைதியைக் குலைத்து ஒலிபெருக்கியில் வழிபட வேண்டும் என்று எந்த மதமும் சொல்லவில்லை என்பது அந்தத் தீர்ப்பின் சாரம். அது ஒரு தேவாலயத்துக்கு மட்டும் சொல்லப்பட்டதல்ல.

நாம் மன்றத்தின் ஒலிபெருக்கியை எதிர்த்து மனுக் கொடுக்கும்போது அதிகாரி நம்மிடம் திருப்பிக் கேட்கக்கூடிய கேள்விகள் இருக்கின்றன. பள்ளிவாசல் ஒலிபெருக்கிக்கு அனுமதி இருக்கிறதா? ஒலி அளவு என்ன? ஃபஜ்ர் பாங்கு சட்டம் 'இரவு' என்று சொல்லும் எட்டு மணி நேரத்துக்குள் வருகிறதே? பாங்கு தீனின் அடையாளம். ஒலிபெருக்கி அதற்கான ஒரு கருவி மட்டுமே, நபியவர்கள் காலத்தில் அது இருந்ததில்லை. எனவே ஒவ்வொரு பள்ளி நிர்வாகமும் அனுமதியைக் கையில் வைத்திருப்பதும், ஒலி அளவை மஹல்லாவுக்குப் போதுமான அளவில் நிறுத்துவதும், அதிகாலையில் அதை இன்னும் குறைப்பதும் அல்லது உள்ஒலிபெருக்கியோடு நிறுத்திக்கொள்வதும் கடமை. சஹர் நேர அறிவிப்பு, இரவு நெடுநேரம் நீளும் பயான், மாப்பிள்ளை ஊர்வலத்தின் வெடியும் பாண்டும் ஆகியவற்றுக்கும் இதே அளவுகோல்தான்.

இதைச் சட்டத்துக்கு அஞ்சிச் செய்வதாக நினைக்க வேண்டாம். அளந்து கொடுக்கும்போது ஒரு தராசும், அளந்து வாங்கும்போது வேறொரு தராசும் வைத்திருப்பவரை நம் மார்க்கம் கடுமையாகக் கண்டிக்கிறது. சத்தமும் அப்படி அளக்க வேண்டிய பொருள்தான்.

இன்னொன்று. திறந்தவெளி மதுக்கூடத்துக்கு ஒரு மனை தேவை. வண்டி நிறுத்த இன்னொரு மனை தேவை. அந்த மனைக்கு வழக்கத்தைவிடக் கூடுதல் வாடகை தருகிறேன் என்று வருபவர் நம் வாசலுக்கும் வரலாம். கையெழுத்துப் போடுவதற்கு முன் ஆலிம்களிடம் கேளுங்கள். அதற்கும் முன், மனையை ஒட்டிய நான்கு வீடுகளின் முகங்களை நினைத்துப் பாருங்கள்.

செய்ய வேண்டியவை, வரிசையாக

முதலாவது, நாட்குறிப்பு. ஒரு நோட்டுப் புத்தகத்தில் 14 நாட்களுக்குத் தேதி, தொடங்கிய நேரம், முடிந்த நேரம், என்ன சத்தம், வீட்டில் யாருக்கு என்ன பாதிப்பு என்று எழுதுங்கள். செல்பேசிச் செயலியின் அளவையும் குறிக்கலாம். அது துல்லியமானதல்ல, ஆனால் கருவியோடு வந்து அளக்கச் சொல்லிக் கேட்க அது ஒரு காரணமாகும். யாருடைய முகத்தையும் படமெடுக்க வேண்டாம்.

இரண்டாவது, தெருவைக் கூட்டுங்கள். ஜமாஅத் கடிதத்தாளில் முதல் மனு போக வேண்டாம். தெருவாசிகள் என்ற பெயரிலோ குடியிருப்போர் நலச்சங்கத்தின் பெயரிலோ போகட்டும். எல்லாச் சமயத்தாரின் கையெழுத்தும் இருக்கட்டும். பெண்களின் கையெழுத்து தனிப்பட்ட எடை உடையது, ஏனென்றால் இருட்டிய பிறகு அந்த வழியே நடக்கும் சங்கடம் அவர்களுக்குத்தான் முழுமையாகத் தெரியும். ஜமாஅத்தின் ஆதரவுக் கடிதத்தை இணைப்பாக வைக்கலாம்.

மூன்றாவது, தகவல் உரிமை மனு. 2005ஆம் ஆண்டின் சட்டப்படி 10 ரூபாய் கட்டணம். 30 நாட்களுக்குள் பதில் தர வேண்டும். தராவிட்டால் மேல்முறையீடு உண்டு. என்ன உரிமம், எந்தத் தேதி, எந்த இடத்துக்கு, அனுமதித்த வரைபட நகல், நேரம், நிபந்தனைகள், பள்ளிவாசல், பள்ளிக்கூடம், கோயில் ஆகியவற்றிலிருந்து தூரம் அளந்த அறிக்கை ஆகியவற்றைக் கேளுங்கள். பள்ளிவாசலின் வக்ஃபு பதிவுச் சான்றை எடுத்து வையுங்கள்.

நான்காவது, ஆட்சேபனை. உரிமம் தரப்படுவதற்கு முன்பு கொடுப்பதே சிறந்தது. அடுத்துச் சிறந்த காலம், ஆண்டுதோறும் புதுப்பிக்கப்படுவதற்கு முன்பு. மாவட்ட ஆட்சியர், உதவி ஆணையர் (கலால்), காவல் துறை, உள்ளாட்சி ஆகிய நான்கு இடங்களுக்கும் ஒரே நாளில் கொடுங்கள். திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாளில் நேரில் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். கிராமங்களில் கிராம சபையில் தீர்மானம் நிறைவேற்றுங்கள். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய ஆறு நாட்கள் அதற்கு உண்டு.

ஐந்தாவது, சத்தம் நடக்கும்போதே 112 அல்லது 100 எண்ணுக்கு அழையுங்கள். அழைத்த நேரத்தை நாட்குறிப்பில் எழுதுங்கள். காவல் நிலையத்தில் எழுத்து மூலம் புகார் கொடுத்தால் சி.எஸ்.ஆர். ரசீது கேட்டு வாங்குங்கள். இவை பயனளிக்காவிட்டால் கோட்டாட்சியர், அதன்பின் உயர் நீதிமன்றம். அங்கே போகும்போது மேலே சொன்ன காகிதங்கள்தான் நமக்காகப் பேசும்.

செய்யக் கூடாதது ஒன்று. இளைஞர்கள் கூட்டமாகப் போய் நாற்காலியைத் தள்ளுவது, குடித்துவிட்டு வருபவரை வழிமறிப்பது, வாட்ஸ்அப்பில் பெயர் போட்டு எழுதுவது ஆகியவை வேண்டவே வேண்டாம். பத்து நிமிடத்தில் சத்தப் பிரச்சினை சமயப் பிரச்சினையாக மாறிவிடும். அதன்பின் நம்மோடு கையெழுத்துப் போட்ட எதிர்வீட்டார் ஒதுங்கிக்கொள்வார். தவிர, அங்கே உட்கார்ந்திருப்பவர்களில் நம் வீட்டுப் பிள்ளையும் இருக்கலாம். அவருக்குத் தேவை மருத்துவரும் பொறுமையும்.

மாதிரி மனு

'ஐயா/அம்மா, நாங்கள் … தெருவில் வசிக்கும் … குடும்பத்தினர். எங்கள் தெருவில் கதவு எண் … இல் இயங்கும் (இயங்கவுள்ள) மன்றத்தில் திறந்த மாடியில் மது பரிமாறப்படுகிறது. கடந்த 14 நாட்களில் … நாட்கள் இரவு 10 மணிக்கு மேல் சத்தம் நீடித்தது. நாட்குறிப்பு நகல் இணைத்துள்ளோம். இத்தெருவில் தேர்வுக்குப் படிக்கும் மாணவர் … பேர், 60 வயதுக்கு மேற்பட்டோர் … பேர், கைக்குழந்தைகள் … பேர் உள்ளனர். ஒலி மாசு விதிகள், 2000இன்படி குடியிருப்புப் பகுதியின் இரவு அளவு 45 டெசிபல். தாங்கள் இரவு 10 முதல் 12 மணிக்குள் நேரில் அளவிட்டு, திறந்த இடத்தில் பரிமாறுவதற்கு அனுமதி மறுக்க வேண்டுகிறோம். உரிமம் தொடருமானால் கீழ்க்கண்ட நிபந்தனைகளை விதிக்க வேண்டுகிறோம்…'

கோடிட்ட இடங்களை உண்மையான எண்களால் மட்டுமே நிரப்புங்கள். ஒரு எண் மிகைப்படுத்தப்பட்டது என்று தெரிந்தால் மற்ற எண்களையும் யாரும் நம்ப மாட்டார்கள். மனு எழுத உதவி தேவைப்படுவோர், எந்தச் சமயத்தவராயினும், அலுவலக நேரத்தில் நம் அறக்கட்டளைக்கு வரலாம். கட்டணம் இல்லை.

வீட்டில் கலந்து பேச

1. இரவு 10 மணிக்குப் பிறகு நம் வீட்டிலிருந்து பக்கத்து வீட்டுக்குப் போகும் சத்தங்கள் எவை?

2. நம் தெருவில் தூக்கம் மிகவும் தேவைப்படுபவர் யார்? நோயாளியா, குழந்தையா, அதிகாலை வேலைக்குப் போகிறவரா? அவர் பெயர் நமக்குத் தெரியுமா?

3. பள்ளிவாசல் ஒலிபெருக்கியின் அனுமதியும் அளவும் பற்றி நிர்வாகத்திடம் மரியாதையாகக் கேட்க நம் வீட்டிலிருந்து யார் போவது?

4. மனுவில் கையெழுத்து வாங்க, இதுவரை நாம் பேசியே இராத எந்த வீட்டுக் கதவை முதலில் தட்டுவோம்?

தெருவின் உறக்கம் தெருவில் உள்ள எல்லோருக்கும் பொதுவான அமானிதம். அதை நம் பக்கத்திலிருந்து குலைக்காமல் இருக்கவும், பிறர் குலைக்கும்போது நிதானத்தோடும் நீதியோடும் கேட்கவும் அல்லாஹ் நமக்குத் துணை செய்வானாக. வஸ்ஸலாம்.